ஆறாம் நாள் விதைப்பு

அம்பிளாந்துறை,
02.09.2025

கேதீஸ்வரி,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்து அடுப்பில் போட்டுவிடாதே. உன் நம்பருக்கு அடித்தால் ஒரு தரம் மணியடித்து நின்றுபோகிறது. அது ப்ளொக் என்று என் மகள் விதுர்ஷா போன மாதம்தான் சொன்னாள். நாலு வருடமாக நான் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு மடைச்சி. அதனால்தான் கடிதம். சுகம் விசாரிக்கிற முகம் எனக்கு இல்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விதுர்ஷாவுக்கு வந்தாறுமூலை கம்பஸில் இது கடைசி வருடம். ஏதோ ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்று நம்முடைய இலுப்படி வட்டை வயல் மண்ணை உரப்பையில் கட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் முப்பது சட்டி வைத்தாள். பத்தில் வெறும் மண். பத்தில் வைக்கோலை நறுக்கிப் புதைத்து நாலு கிழமை உக்கவிட்ட மண். மிச்சம் பத்தில் வைக்கோல் புதைத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. மூன்றுக்கும் ஒரே நாளில் நெல் போட்டாள். சட்டியில் வேளாண்மை செய்து யாருக்கு மகளே சோறு போடப்போகிறாய் என்று நான் பகிடி பண்ணினேன்.

போன வெள்ளிக்கிழமை கோழிக்குத் தீன் போடப் போனேன். அந்தக் கடைசிப் பத்துச் சட்டியைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. முளைத்து இரண்டு இலை விட்ட நெல் அப்படியே நின்றுபோயிருந்தது. இலை மஞ்சள், நுனி கருகல். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் அரை விரல் நீளம்கூட இல்லை, நெருப்புப் பட்ட நூல் மாதிரிக் கறுத்துச் சுருண்டிருந்தது. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் என் வயலில் நின்ற பயிர் இதுதான். பக்கத்துச் சட்டிகள் பச்சையாக நின்றன.

ஈர வைக்கோலில் ஒருவகைப் பங்கசு பிடிக்கிறதாம், நாம் பூஞ்சணம் என்று சொல்வோமே, அது. வைக்கோலைத் தின்றுகொண்டே அது ஒரு நஞ்சை மண்ணுக்குள் விடுகிறதாம். இளவேர் அதைத் தாங்காதாம். மூன்று நாலு கிழமை பொறுத்தால் மண்ணிலுள்ள வேறு கிருமிகளே அந்த நஞ்சைத் தின்று தீர்த்துவிடுமாம். அதனால்தான் அடுத்த போகம் என் வயல் ஒன்றும் நடவாததுபோல விளைந்தது. யாரோ அடித்த புல்கொல்லி மருந்து என்றால்தான் பாதிப்பு இப்படி ஒரு போகத்தோடு போகும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான்.

அம்மா நம் இரண்டு பேருக்கும் சீதனமாகப் பிரித்துத் தந்த ஒரே வயல். நடுவில் ஒரு வரம்பு. உன் பக்கம் பச்சை, என் பக்கம் மஞ்சள். பயிர் மஞ்சளாவதற்கு இரண்டு நாளைக்கு முன்னம் உன் புருஷன் மருந்துத் தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு அந்த வரம்பில் நின்றதை என் கண்ணால் கண்டேன். நான் வேறு என்ன நினைக்க?

இந்த மாதக் கடைசியில் பெரும்போகத்துக்கு ஆரம்பக் கூட்டம். வட்டையில் வயல் உள்ளவர்கள் எல்லோரும் இருப்பார்கள். சதீஸ்குமார் மருந்து அடிக்கவில்லை, அவனை அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தது என் பிழை, எல்லாம் வைக்கோல் செய்த வேலை என்று அங்கே எழும்பிச் சொல்லப்போகிறேன். அவனையும் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் ஊரைவிட்டுப் போனதிலிருந்து உன் வயல் புல் மண்டிக் கிடக்கிறது.

அக்கா
அன்னப்பூரணி


வாழைச்சேனை,
11.09.2025

அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். பகலில் அவர் ஐஸ் பக்டரியில் நிற்பதால் தபால்காரர் என் கையில் தந்தார். அவர் கையில் தந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

நீங்கள் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வைக்கோல், வைக்கோல் என்று எத்தனை இடத்தில் வருகிறது. யாருடைய வைக்கோல் என்று ஒரு இடத்திலும் இல்லையே அக்கா.

மறந்துபோயிருந்தால் சொல்லுகிறேன். அது பசளை கிடைக்காத வருடம். வைக்கோலை எரிக்காமல் உழுதால் அதுவே பசளை என்று யாரோ சொல்ல, நீங்கள் உங்கள் வைக்கோல் போதாதென்று எங்கள் வைக்கோலையும் கேட்டீர்கள். அத்தான் இல்லாத வீடு, அக்காவுக்கு யார் செய்வது என்று இவர் எங்கள் வயலைச் சுரண்டி உழவு மிசின் பெட்டியில் ஏழு பெட்டி வைக்கோலை ஏற்றி, உங்கள் வயலில் தன் கையால் பரப்பி, தானே உழுதும் தந்தார். எங்கள் பக்கம் பச்சையாக நின்றது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? எங்கள் மண்ணில் வைக்கோலே இருக்கவில்லை.

கோயிலை நடத்துகிற வண்ணக்கர் சொல்லச் சொல்ல இவர் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கும், முன்வரிசையில்தான் நின்றீர்கள். "இந்தப் பயிர் அழிஞ்சதுக்கு என்ட கை காரணமில்ல." அது போதும் என்று வண்ணக்கர் கற்பூரத்தைக் கொளுத்தப் போனார். நீங்கள்தான் போதாது என்றீர்கள். "குடியச் சொல்லட்டும்" என்றீர்கள். அப்போது எனக்கு ஆறு மாதம். அதுவும் உங்களுக்குத் தெரியும். கை காரணமென்றால் என் குடி, என் வம்சம் தழைக்காமல் போகட்டும் என்று அவர் சொல்லி, எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அமத்தினார்.

முப்பத்து மூன்றாம் நாள் பிள்ளை வயிற்றில் அசையவில்லை. பிரஷர் என்றார்கள் டொக்டர்மார். பொய்ச் சத்தியம் நாற்பத்தொரு நாளுக்குள் பலிக்கும் என்பார்களே, பலித்துப்போயிற்று என்றது ஊர். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, ஓம். ஆனால் அப்படிச் சொன்னவர்களின் வாயை நீங்கள் மூடவுமில்லை.

இந்த நாலு வருடமும் அவர் நித்திரை கொள்வது ஒரே ஒரு எண்ணத்தில்தான். நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியம் உண்மை, பிள்ளை போனது வேறு காரணம். இனி நீங்கள் கூட்டத்தில் எழும்பி, பயிரைக் கொன்றது வைக்கோல் என்று சொல்லப்போகிறீர்கள். அந்த வைக்கோலைப் போட்ட கை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? தன் பிள்ளையைத் தான்தான் தின்றேன் என்று அவர் நினைக்க வேண்டுமா?

பேசக் கூடாத இடத்தில் எல்லாம் பேசினீர்கள். இந்த ஒருமுறை பேசாமல் இருங்கள்.

கேதீஸ்வரி


அம்பிளாந்துறை,
16.09.2025

புள்ள,

உன் கடிதம் வந்து மூன்று நாள். பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். தங்கச்சி அக்காவுக்கு இப்படி எழுதுவதா என்று சட்டி பானையெல்லாம் போட்டு உடைக்காத குறை. பிறகு போய்ப் பின்வாசலில் அந்தச் சட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

வைக்கோல் யாருடையது என்று நான் மறக்கவில்லை. எழுதும்போது அந்த இடத்தில் கை தானாக விலகிப்போனது. அதுதான் உண்மை.

குடியைச் சொல்லட்டும் என்றதற்கு நான் என்ன சமாதானம் சொல்ல? அந்தப் போகத்துக்கு என் காதுத் தோட்டை அடகு வைத்து விதைநெல் வாங்கியிருந்தேன், மறுகா விதைக்க வழியில்லை, அந்த எரிச்சல். இதெல்லாம் காரணமில்லை, நடந்ததைச் சொல்லுகிறேன். உன் வயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். பெற்றவள் வாயில் வரக்கூடாத சொல் அது. பிள்ளை போன செய்தி வந்த அன்று நான் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன், உனக்குத் தெரியாது. படியேறப் பயமாக இருந்தது. திரும்பிக் குருக்கள்மடத்துக்கு வந்து பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ சொன்னபடி நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் இதைக் கேள். பசளை விலை ஏறினதால் இந்த வருடம் நம் வட்டையில் அநேகம் பேர் வைக்கோலை எரிக்காமல் விட்டிருக்கிறார்கள். அழகரத்தினம் அண்ணன் ஆறு ஏக்கரிலும் பரப்பி வைத்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை விழுந்ததும் உழுது அந்தக் கிழமையே விதைக்கப்போகிறாராம். மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கிற மனுஷன். இதைத் தெரிந்துகொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? விதுர்ஷா கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று நிற்கிறாள். அவளுக்கு நம்முடைய வழக்கு முழுதும் தெரியாது, அந்த நேரம் படிப்புக்காக வெளியூரில் நின்றாள்.

சொன்னால் ஒரு வீடு கெடும், சொல்லாவிட்டால் பத்து வீடு கெடும். என்ன செய்ய என்று நீயே சொல்லு. நீ சொல்லுகிறபடி செய்வேன்.

அக்கா


வாழைச்சேனை,
22.09.2025

அக்கா,

ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தது எனக்குத் தெரியாதுதான். அன்று நீங்கள் படியேறி வந்திருந்தால் நான் ஏசியிருப்பேன். ஏசி முடித்து உங்கள் மடியில் கிடந்திருப்பேன். அம்மா இல்லை, வேறு யார் இருந்தார்கள் எனக்கு?

இங்கே அவர் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஐஸ் கட்டியை மண் படாமல் இழுத்துப் படகுக்கு ஏற்றுகிற வேலை. விடிய நாலரைக்குப் போவார். வேளாண்மைக்காரன் கை, ஐஸில் வெடித்து வெடித்து இருக்கிறது. நான் வாசலில் இரண்டு கொச்சி மிளகாய்க் கன்று வைத்தேன், அதற்குத் தண்ணீர்கூட ஊற்றமாட்டார். மழை இருட்டினால் மட்டும் வெளியே வந்து தெற்கே நம்முடைய ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்டால் சும்மா என்பார். சிரிப்புக் குறைவு என்றில்லை, பஹ்மி என்று ஒரு மீன் லொறிக்காரன் வருவான், அவனோடு நல்லாப் பகிடி விடுவார். வீட்டுக்குள் வந்தால்தான் ஒன்றும் இல்லை.

விதுர்ஷா சொல்லட்டும். பத்து வீட்டின் சோற்றில் மண் போட எனக்கும் மனமில்லை. சட்டியைக் காட்டிச் சட்டிக் கதையை மட்டும் சொல்லட்டும். நாலு கிழமை பொறுக்கச் சொல்லட்டும். இருபத்தொன்றாம் ஆண்டு என்ற பேச்சு அவள் வாயிலும் வேண்டாம், உங்கள் வாயிலும் வேண்டாம். அவர் மருந்தடித்தார் என்று ஊர் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். ஊர் நினைப்பதோடு நாங்கள் வாழப் பழகிவிட்டோம். அவர் தன்னைப் பற்றி நினைப்பதைத்தான் நான் காப்பாற்ற வேண்டும்.

கேதீஸ்


அம்பிளாந்துறை,
04.10.2025

கேதீஸ், என் தங்கச்சி,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாகத்தான் வரும். பொறுத்து வாசி.

புதன்கிழமை கூட்டம். நீ சொன்னபடியேதான் விதுர்ஷா சொன்னாள். மூன்று சட்டியைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, நாற்றைப் பிடுங்கி வேரைக் காட்டினாள். எல்லோரும் எழும்பி வந்து பார்த்தார்கள். அழகரத்தினம் அண்ணன், நல்ல விதைநெல்லைப் போட்டாலும் இப்படித்தானா என்று இரண்டுதரம் கேட்டு, இனி நாலு கிழமை விட்டுத்தான் விதைப்பு என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எழும்பப் போனேன்.

அப்போது அவரே கருகின நாற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அன்னப்பூரணி, உன்ட வயல் பட்டதும் இதாலதானோ?" என்று கேட்டார். நாங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தோம் பார், அந்தப் பயிரை அவர்களும் பார்த்தவர்கள்தானே. நான் மேசையிலிருந்த சட்டிகளை எடுக்கப் போனேன். பின்னாலிருந்து ஒருத்தன், அந்த வைக்கோலை ஏற்றினது சதீஸ்குமார்தானே, அப்ப சத்தியம் சரியாத்தான் பிடிச்சிருக்கு என்றான். நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள்.

என் வாய் திறந்துவிட்டது, கேதீஸ். இந்த முறை கோபத்தில் இல்லை. அவன் வைக்கோல் ஏற்றவில்லை, வெளியூர் மிசினைக் கூலிக்குப் பிடித்து நான் ஏற்றினேன், பரப்பினது என் கை என்று சொன்னேன். நம்பவில்லை. உன் தங்கச்சியின் புருஷனுக்காகச் சொல்கிறாய் என்றார்கள். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாருங்கள் என்றேன்.

நேற்று வந்தார்கள், முழு வட்டையும். அதே வண்ணக்கர், கற்பூரம் வைக்கிற அதே கல். "இந்த வயலுக்கு வைக்கோல் போட்டதும் என்ட கை, பயிர அழிச்சதும் என்ட கை" என்று சொன்னேன். கற்பூரத்தைக் கொளுத்தினார். கொளுத்திவிட்டு என்னைப் பார்த்து, குடியைச் சொல்லுங்க என்றார். மனுஷன் என்னைப் பழிவாங்கவில்லை, அன்று நான் கேட்ட முறையை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

விதுர்ஷா எனக்குப் பக்கத்தில் நின்றாள். என்னால் ஒண்ணாமல் போயிற்று, புள்ள. பொய் என்றால் என் உயிர் போகட்டும், அவளை விடுங்கள் என்று கத்திவிட்டுக் கற்பூரத்தில் கையை வைத்தேன். என் பிள்ளையைச் சொல்ல எனக்கு ஏலவில்லை. உன் பிள்ளையைச் சொல்ல வைத்தேன். நாலு வருடம் பிந்தி அந்த இடத்தில் நின்றபோதுதான் அவனிடம் நான் என்ன கேட்டேன் என்று எனக்கு விளங்கியது.

அது முழுப் பொய்ச் சத்தியமும் இல்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, இப்போது சொல்லுகிறேன். உழுது முடித்த அன்று சதீஸ் மிசினை நிற்பாட்டிவிட்டு என்னிடம் வந்தான். "கொஞ்சம் பொறுங்க அக்கா, வைக்கோல் உக்கட்டும், ஒரு மாசம் போகட்டும்" என்றான். வட்டையில் எல்லோரும் விதைக்கிறார்கள், நான் மட்டும் கடைசியாக நிற்பதா என்று ஆறாம் நாள் விதைத்தேன். அவன் கன்னன்குடாவில் மாமாவின் செத்தவீட்டில் நின்ற நாள் பார்த்து, ஆள் பிடித்து விதைத்தேன். பயிர் மஞ்சளானபோது அவன் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அதை ஒப்புக்கொள்வதைவிட அவனைக் குற்றவாளி ஆக்குவது எனக்குச் சுகமாக இருந்தது.

வைக்கோல் போட்டது அவன் கையாக இருக்கட்டும். அந்த மண்ணில் விதைத்தது என் கை.

இந்தக் கடிதத்தை அவனுக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். உன் பேச்சைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று. அதற்கும் சேர்த்து என்னை ஏசு.

அக்கா


வாழைச்சேனை,
13.10.2025

அக்கா,

உங்கள் கடிதம் வருவதற்கு முதலே செய்தி வந்துவிட்டது. களுவாஞ்சிகுடிக்கு மீன் இறக்கப் போன பஹ்மி அங்கே சந்தையில் கேட்டுக்கொண்டு வந்து, துறைமுகத்தில் வைத்து அவரிடம் சொல்லியிருக்கிறான். அவர் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே, "அக்கா பொய்ச் சத்தியம் பண்ணிட்டா, கேதீஸ்" என்றார்.

கத்தியை வைத்துவிட்டு எழும்பினேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த வைக்கோலை நான்தானே போட்டேன் என்றார். போன வருடத்துக்கு முந்தின வருடம் பஸ்ஸில் செங்கலடி தாண்டும்போது ஒரு வயலைப் பார்த்தாராம். வைக்கோல் கும்பி கிடந்த இடத்தில் மட்டும் வட்டமாகப் பயிர் மஞ்சள், சுற்றிவரப் பச்சை. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்துபோய்ப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். அதே வேர். அன்றைக்கே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தால் நான் அவரைப் பிள்ளை தின்னி என்று நினைப்பேனென்று இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. நான் உங்கள் கடிதத்தை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்த வீட்டில்தான் அவரும் இதைப் புதைத்து வைத்திருந்தார்.

வாளியைத் திறந்து எல்லாக் கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி இல்லை, நீயே வாசி என்றார். வாசித்தேன். கடைசிக் கடிதம் மூன்று நாள் கழித்து வந்தது, அதையும் வாசித்தேன். கோயில் கதையை அசையாமல் கேட்டார். "கொஞ்சம் பொறுங்க அக்கா" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். மறுகா வாசிக்கச் சொன்னார். மறுகா வாசித்தேன்.

"நான் அப்பிடிச் சொன்னனானா?" என்று கேட்டார். அவருக்கு அது நினைவே இல்லை அக்கா. ஏழு பெட்டி ஏற்றினது நினைவிருக்கிறது, பரப்பினது நினைவிருக்கிறது, பொறுக்கச் சொன்னது மட்டும் அடியோடு அழிந்துபோயிற்று. அக்கா அப்படித்தான் எழுதியிருக்கிறா என்றேன். கடிதத்தை வாங்கி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அழுதார். பிள்ளை போன நாளில்கூட அவர் அழவில்லை. அயலுக்குக் கேட்கிற மாதிரி அழுதார், நான் கதவைச் சாத்தவில்லை.

நாலு வருடத்துக்கு முன்னம் கோயிலில் அந்த ஒரு வசனத்தை நீங்கள் சொல்லியிருக்கலாம். அதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வராமலே போகலாம். பொய் எழுதி அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

வயலுக்கு வருவாரா என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. நேற்றுக் கொச்சிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார். உங்கள் நம்பரை ப்ளொக்கிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் இப்போதைக்கு அடிக்க வேண்டாம், குரலைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. எழுதுங்கள்.

இன்று விடிய வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். அவருக்கு அந்தக் கற்பூரப் புண் ஆற இரண்டு மாதம் எடுத்தது. தேங்காயெண்ணெய் மட்டும் பூசச் சொல்லு, தண்ணி படாமல் வைத்திருக்கச் சொல்லு என்றார். பிறகு, "அக்காட கை ஆறிட்டுதா எண்டு எழுதிக் கேள்" என்றார்.

ஆறிவிட்டதா?

கேதீஸ்